பின்னறையில் மணி நாலு

அந்தக் கிளைத் தபால் நிலையத்தின் பின்னறையில் பதினேழு ஆண்டுகள் ஒரே நேரம்தான் இருந்தது. பிற்பகல் நாலு மணி. முன்னறையில் விடிந்தது, இருட்டியது, மழை பெய்து ஓய்ந்தது, தபால்தலையின் விலை ஆறு முறை ஏறியது. பின்னறையின் மேற்கு ஜன்னல் வழியாக மட்டும் மஞ்சள் வெயில் சாய்வாக இறங்கி, எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு சதுரமாகக் கிடந்தது. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தாலும் அது அங்கேதான் இருக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் இருக்கும். தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு வழி சொல்லும்போது மட்டும், நாலு மணி அறைக்கு எதிர்வரிசையில் மூன்றாவது வீடு என்று சொல்வார்கள்.

இத்தனைக்கும் காரணம் வருகைப் பதிவேடு. அந்தத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தது ஒரே ஒரு பெண்மணி. ஊருக்கு அவர் தபால்காரம்மா. துறையின் காகிதத்தில் அவர் பகுதிநேர ஊழியர். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை, ஐந்து மணி நேரம்; அதற்கு மேல் கால் மணி எழுதினாலும் கோட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தையும் அவரேதான் பையிலிருந்து எடுத்து, பிரித்து, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஐந்து மணி நேரம் கவுன்ட்டருக்கே சரியாகப் போய்விடுகிறது. கடிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? ஆகவே கோட்டத்தில் உள்ள எல்லாப் பகுதிநேர ஊழியர்களும் செய்ததையே அவரும் செய்தார். ஒரு மணி அடித்ததும் 'வெளியே சென்ற நேரம்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு உண்மையான வேலையை ஆரம்பித்தார். மூன்றரை வரை தெருத்தெருவாக நடை. திரும்பி வந்து வெளியூர்த் தபாலைப் பிரித்துக் கட்டி, பையின் வாயை இறுக்கி, அரக்கு உருக்கி முத்திரை வைக்கும்போது மணி நாலே முக்கால். ஐந்துக்கு வேன் வரும், அதன் பிறகு பூட்டு. காகிதத்தை நம்பினால், அந்த ஊரில் இருபத்தெட்டு ஆண்டுகள் யாருமே கடிதம் கொடுக்கவில்லை; கடிதங்கள் தாமாக எழுந்து வீடு பார்த்துப் போய்ச் சேர்ந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறிக்கு உதவிய சுரைக்காய் ஏட்டில் ஏறவே இல்லை.

எங்கேயும் எழுதப்படாத அந்த நாலு மணி நேரத்துக்குப் போக்கிடம் வேண்டுமே. தினமும் அரக்கில் முத்திரை பதிந்த கையோடு, பின்னறையில் யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்கும். எலி என்று நினைத்து அவர் இரண்டு முறை பொறி வைத்தார். முதல் பதினோரு ஆண்டுகள் மணிகள் கண்ணுக்குத் தெரியாமல் மூலைகளில் சேர்ந்தன, மேஜைக்கு அடியில் சேர்ந்தன, பிறகு அறை நிரம்பிவிட்டது. ஒரு மழைக்காலக் காலையில் அவர் கதவைத் திறந்தபோது உள்ளே பளிச்சென்று பிற்பகல். மேலிடத்துக்குத் தெரிவிக்கலாமா என்று சற்று யோசித்தார். இதற்கென்று படிவம் ஏதும் இல்லை. தரையைக் கூட்டிவிட்டுக் கவுன்ட்டருக்குப் போனார்.

அந்த மணிகளைச் செலவழிக்கலாம் என்று கண்டுபிடித்தவர் பள்ளிக்கூட வாத்தியார். தபால்தலை வாங்க வந்தவர், கூட்டம் குறையட்டும் என்று விடைத்தாள் கட்டோடு பின்னறை பெஞ்சில் உட்கார்ந்தார். அறுபது தாளையும் திருத்தி முடித்துவிட்டு வெளியே வந்தால் வரிசை ஒரு ஆள்தான் நகர்ந்திருந்தது. செய்தி பரவக் கேட்கவா வேண்டும்? கல்யாணத் துணியை இன்றைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்தடித்த தையல்காரர் அன்றைக்கே தரத் தொடங்கினார். இரண்டு ஷிப்ட் பார்த்த ஆஸ்பத்திரி நர்ஸ் பெஞ்சில் சுருண்டு எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு, ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்ன எட்டாவது நிமிடத்தில் எழுந்து போவார். பரீட்சைக்குப் படிப்பவர்கள், சண்டை போட்டுவிட்டுச் சமாதானம் பேச நேரம் வேண்டிய புருஷன் பெண்டாட்டிகள், கண்ணை மூடிச் சும்மா உட்கார ஆசைப்பட்டவர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். தபால்காரம்மா யாரையும் தடுக்கவில்லை. உள்ளே போகிறவர்களிடம் தராசில் கை வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வார். அது யாருடைய நேரம் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கேட்டவர் ஒருவர்தான், அவருடைய நாத்தனார். தபால்காரம்மாவின் கணவர் காலமான பிறகு, கணவரின் தங்கையும் அவரும் தபால் நிலையத்துக்கு எதிர்வரிசை மூன்றாவது வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. நாத்தனார் கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்த பிறகு பைகள் கோணலாக வந்தன, கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். கண் மங்கிய அளவுக்கு நாக்குக் கூர்மையானது. ஊரே வந்து மணிக்கணக்கில் அள்ளிக்கொண்டு போவதைக் கேள்விப்படும்போதெல்லாம், தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று அண்ணிக்கு நினைவூட்டுவார். நீங்கள் ஒரு நாளாவது உள்ளே போய்ப் படுத்தது உண்டா என்று கேட்பார். உண்மையில் தபால்காரம்மா ஒரு நாளும் உள்ளே படுத்ததில்லை. அரசாங்க அறையில் படுப்பது தப்பு என்று அவர் நினைத்தார்.

அவருக்கு அறுபத்தைந்து நெருங்கியபோதுதான் விஷயம் கழுத்தைப் பிடித்தது. பகுதிநேர ஊழியருக்குப் பென்ஷன் கிடையாது, மருத்துவ அட்டை கிடையாது. ஓய்வு பெறும் நாளில் ஒரு சிறு தொகையும் ஒரு சால்வையும் உண்டு. அந்தத் தொகை இரண்டு பேர் ஒன்றரை வருடம் சாப்பிடப் போதும், அதற்குள் யாருக்கும் தலைவலிகூட வரக் கூடாது. கண் அறுவைச் சிகிச்சையைப் பற்றி இருவரும் பேசுவதையே விட்டுவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புது ஆணை வந்திருந்தது. பகுதிநேரம் என்று பதிவாகியிருந்தாலும், உண்மையில் முழு நாளும் உழைத்தவர் என்று நேரடி ஆய்வில் தெரிந்தால், தபால் ஆய்வாளர் அந்த ஊழியரின் கோப்பில் கையெழுத்திட்டு முழுப் பென்ஷனுக்குப் பரிந்துரை செய்யலாம். கோப்பில் ஓய்வு பெறும் நாளின் தேதி முத்திரை விழுந்திருக்க வேண்டும். அன்று மாலை ஐந்தைத் தாண்டினால் உரிமை போய்விடும். தபால்காரம்மா ஆணை வந்த வாரமே மனு அனுப்பினார். அது ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேயே தங்கியும் விட்டது.

ஆய்வாளர் கெட்டவர் அல்ல. அவரிடம் அப்படித் தங்கிய கோப்புகள் மொத்தம் நாற்பத்தேழு இருந்தன. பணியில் இறந்த தபால்காரரின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன், சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவரின் மருத்துவச் செலவு, நாலு வருட ஊதிய உயர்வு நிலுவை, இப்படி. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, போகிற ஊருக்கெல்லாம் ஜீப்பில் எடுத்துக்கொண்டு போவார். யாராவது விசாரித்தால், உங்கள் கோப்பு என் கையிலேயே இருக்கிறது என்று மனசாட்சி உறுத்தாமல் சொல்லலாம் அல்லவா? ஏன் முடிக்கவில்லை என்று கேட்டால், நேரம் இல்லை என்பார். அதுவும் பொய்யில்லை. பதினாலு ஊர்த் தபால் நிலையங்களுக்கு அவர் ஒருவரே ஆய்வாளர்.

தபால்காரம்மாவின் கடைசி வேலை நாளன்று, பொறுப்பு ஒப்படைப்புக்காக ஆய்வாளர் காலை பதினொன்றுக்கு வந்தார். தபால்தலைகளை எண்ணினார், முத்திரைகளைச் சரிபார்த்தார், பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். காலை பதினொன்றரைக்கு உள்ளே மணி நாலாக இருந்தது. அவர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டார். தபால்காரம்மா, இதுதான் சார் நான் எழுதாத நேரம் என்றார். ஆய்வாளர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். இருபத்தெட்டு வருடம், ஒரு நாள் தவறாமல், ஒரு மணி, ஒரு மணி, ஒரு மணி.

"உங்க கையெழுத்தே சொல்லுதேம்மா, ஒரு மணிக்குப் போயிட்டீங்கன்னு. நான் என்ன பண்ண முடியும்? வெளிச்சத்துக்கு ரசீது கிடையாது."

தணிக்கைக்காரன் என் பென்ஷனில் கை வைப்பான் என்றும் சேர்த்துச் சொன்னார். இந்த அறையில் எத்தனை மணி இருக்கிறது என்று அளந்து காட்ட வழியிருந்தால் பார்க்கலாம். அப்படியே இருந்தாலும் கோப்பு பதினாலு பக்கம், எழுத எனக்கு நேரம் வேண்டாமா என்றார். சாப்பாட்டு டப்பாவோடு வந்து வாசலில் நின்றிருந்த நாத்தனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆய்வாளரின் முகம் அவருக்கு ஒரு மங்கலான வட்டமாகத்தான் தெரிந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நேரம்தானே சார் இல்ல? உள்ள நிறையக் கெடக்கு. போய் உக்காருங்க. ஒரு சாக்குல எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்? கொட்டிப் பாத்தாத்தானே தெரியும்."

ஆய்வாளர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு வருடமாக நாற்பத்தேழு வீடுகளுக்கு அவர் சொன்ன ஒரே பதில் அது. இனி வேறு பதில் யோசிக்க வேண்டும், அதற்கும் நேரம் வேண்டும். ஜீப்பிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, பின்னறை மேஜையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டபோது மணி ஒன்று. வரிசை எண் மாறக் கூடாது என்பது அவர் பழக்கம். தபால்காரம்மாவின் கோப்பு நாற்பத்தேழாவது.

எட்டு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. ஆய்வாளர் பசிக்கிறது என்றார். நாத்தனார் டப்பாவை நீட்டினார். இன்னும் எட்டு நிமிடத்தில் மறுபடியும் கதவு திறந்தது. நாத்தனாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே ஒரு நாள் போனால் வெளியே இருபத்தைந்து நிமிடம் போகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. அவர் வீட்டுக்கு ஓடி அடுப்பை மூட்டினார். பாதிக் கண்ணோடு, அளவெல்லாம் கைப்பழக்கத்தில், வீட்டில் இருந்த தானியம் தீர்ந்து, பக்கத்து வீட்டில் கடன் வாங்கி, அன்று பிற்பகல் இருபத்தேழு வேளைச் சாப்பாடு சமைத்தார். தெருவைக் கடந்து கடந்து கால் வீங்கியது. இது மனுஷன் வயிறா, தபால் பையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். ஆனால் ஒரு வேளைகூடத் தாமதிக்கவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் ஆய்வாளரின் தாடி சற்று வளர்ந்திருந்தது, பெட்டியில் கோப்பு சற்றுக் குறைந்திருந்தது. இடுப்பு ஒடிந்தவரின் கோப்பு ஒன்றேகால் மணிக்கு முடிந்தது. இறந்தவரின் மனைவியுடையது இரண்டு மணிக்கு. இந்தச் சமயத்தில் தபால்காரம்மா ஊரில் இல்லையா என்றால், இருந்தார். அவர் கடிதம் கொடுக்கப் போயிருந்தார். அன்றைக்கு அறுபத்திரண்டு கடிதங்கள் வந்திருந்தன.

நாலு முப்பத்தைந்துக்கு, பதினேழு ஆண்டுகளில் முதல் தடவையாக, பின்னறையின் வெயில் நகர்ந்தது. தராசிலிருந்து இறங்கிச் சுவர் ஏறி, சிவந்து, மங்கியது. ஆய்வாளர் அப்போது நாற்பத்தேழாவது கோப்பின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தார். பத்தாம் பக்கத்தின் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பேனாவோடு முன்னறைக்கு வந்தார். ஒன்பது நாள் தாடி, கசங்கிய சட்டை, சிவந்த கண். தபால்காரம்மா வெளியூர்த் தபாலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அறையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஆய்வாளர் சொன்னார். ஊர் தின்றது போக மிச்சம் ஒன்பது நாள்தான் இருந்திருக்கிறது; உங்கள் கோப்பு மட்டும் ஐந்து பக்கம் பாக்கி, ஐந்து மணிக்குள் அது ஆகாது என்றார். சும்மா இருக்க முடியாமல் பதிவேட்டைத் திறந்து அன்றைய தேதியைப் பார்த்தவர், அப்படியே நின்றார். வெளியே சென்ற நேரம்: ஒரு மணி. கீழே தபால்காரம்மாவின் கையெழுத்து, மை காய்ந்து.

தன் உழைப்பை அளக்க ஆய்வாளரே உள்ளே உட்கார்ந்திருக்கும் நாளில், கடைசி நாளில், பழக்கதோஷத்தில் ஒரு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் பையை எடுத்திருக்கிறார். இருபத்தேழாவது சாப்பாட்டோடு வந்த நாத்தனார் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தபால்காரம்மாவுக்கு அழுகை வந்தது. தன்னை நினைத்து வரவில்லை. அந்தச் சாப்பாட்டையும், அதை ஏந்திக்கொண்டு எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் நின்ற நாத்தனாரையும் பார்த்து வந்தது. ஆனால் வேன் ஐந்துக்கு வந்துவிடும். அழுதுகொண்டே பையின் வாயை இறுக்கினார், அரக்கை உருக்கினார், நாலே முக்காலுக்கு முத்திரையை அழுத்தினார்.

பின்னறையில் 'தொப்' என்று கேட்டது. கதவிடுக்கில் மஞ்சள் வெயில் கசிந்தது. அன்றைய ஒன்றிலிருந்து நாலே முக்கால் வரை அவர் நடந்த நடையும் கட்டிய கட்டும் எங்கேயும் எழுதப்படாததால், வழக்கம்போலவே உள்ளே வந்து இறங்கிவிட்டிருந்தது. நேர்மையாக ஐந்து என்று எழுதக் காத்திருந்தால் அறை இருட்டாகவே இருந்திருக்கும். ஆய்வாளர் பேனாவோடு உள்ளே ஓடினார். வெளியே கடிகாரம் ஐந்து நிமிடம் நகர்வதற்குள் ஐந்து பக்கத்தையும் முடித்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு மணி நேரத்தை அவர் ஒரே கட்டத்தில் செலவழித்திருந்தார். மருத்துவ அட்டையில் சேர்க்க வேண்டிய குடும்பத்தினர் என்ற இடத்தில் கணவரின் தங்கைக்குக் கட்டம் இல்லை. விதிப் புத்தகம் முழுவதையும் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆதாரம் என்ற இடத்தில், 'இந்த ஊழியர் எழுதாமல் விட்ட மணிகளில் நான் நாற்பத்தாறு கோப்புகளை முடித்தேன், நாற்பத்தேழாவது இது' என்று இருந்தது. தேதி முத்திரை போட அந்த அலுவலகத்தில் அதிகாரம் உள்ளவர் ஒருவர்தான். தபால்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மையில் ஒற்றி, தன் கோப்பின் மேல் தானே முத்திரை குத்தினார். பதிவேட்டைத் திருத்தட்டுமா சார் என்று கேட்டார்.

"வேணாம்மா. அந்த ஒரு மணி அப்படியே இருக்கட்டும்."

கோட்டத் தணிக்கை ஆறு வாரம் கோப்பைக் குடைந்தது. ஒரு ஆய்வாளர் ஒரே பிற்பகலில் நாற்பத்தேழு கோப்புகளை முடிக்க வேறு எந்த வழியும் இல்லை என்பதால், ஆதாரம் ஏற்கப்பட்டது. பென்ஷன் முதல் தேதி வந்தது. மற்ற நாற்பத்தாறு வீடுகளுக்கும் வந்தது. நாத்தனாருக்கு முதலில் வலது கண், இரண்டு மாதம் கழித்து இடது கண். கட்டுப் பிரித்த அன்று அவர் அண்ணியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். முடி இவ்வளவு நரைத்துப்போயிருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டார். இனிமேல் பகுதிநேர ஊழியர்கள் உண்மையில் போகிற நேரத்தைத்தான் எழுத வேண்டும் என்றும், ஐந்து மணிக்குப் பிறகு எந்தப் பின்னறையிலாவது வெயில் தெரிந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் எல்லா ஊர்களுக்கும் சுற்றறிக்கை போனது. முதல் மாதத்தில் பதினொரு ஊர்களிலிருந்து தகவல் வந்தது.

நாலு மணி அறை மற்ற அறைகளைப் போல இருட்டத் தொடங்கியது. வாத்தியார் விடைத்தாளை வீட்டில் திருத்தினார். தையல்காரர் மறுபடியும் நாளைக்கு என்றார். பழைய ஏற்பாடே வசதியாக இருந்தது என்று ஊர் சார்பில் ஒரு மனுகூடப் போனது. நர்ஸ் மட்டும் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மனு நிராகரிக்கப்பட்டது. அறைக்கு ஒரு பல்பு கேட்டு எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில், முன்பிருந்த நாலு மணி தீர்ந்துவிட்டது என்று எழுதப்பட்டிருந்தது. பழைய சரக்கு என்னவாயிற்று என்று கோட்ட அலுவலகம் கேட்டது. உபயோகித்துத் தீர்க்கப்பட்டது என்று ஆய்வாளர் பதில் போட்டார். மூன்றாவது மாதம் பல்பு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாலை, இரண்டு பெண்களும் காலாற நடந்துவிட்டுத் திரும்பும்போது, தெருமுனையிலிருந்தே நாத்தனார் கை நீட்டினார்.

"அண்ணி, அங்க பல்பு எரியுது பாருங்க."

மணி ஐந்தரை. அன்றைக்கு வேன் தாமதம். புதிதாக வேலைக்கு வந்திருந்த நாற்பது வயதுக்காரி பின்னறையில் தபால் கட்டிக்கொண்டிருந்தார். தபால்காரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வெளியே போகிற கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டார்.

"இல்லக்கா. வேலை இன்னும் முடியலையே."

தபால்காரம்மா தராசைப் பார்த்தார். அதன் மேல் பல்பு வெளிச்சம்தான் இருந்தது. அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, நாத்தனாரோடு தெருவைக் கடந்து வீட்டுக்குப் போனார். வாசற்படியில் செருப்பைக் கழற்றுவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.